ஒரு காய்க்கு ஒரு ஜீப்

ஐப்பசியில் குமுளியில் மதியத்துக்கு மேல் இடி இடிப்பது புதிதில்லை. மலையாளத்தில் இதைத் துலாவர்ஷம் என்பார்கள்; நம் ஐப்பசிதான் அவர்களுக்குத் துலாம். காலையில் பளிச்சென்று வெயில் அடிக்கும். இரண்டு மணிக்கு மேல் மலைக்குப் பின்னால் கருக்கும். மூன்று மணிக்கு ஊரே அதிரும். அந்த நேரத்தில் எல்லாக் கடையிலும் டிவி பிளக்கைப் பிடுங்கிவிடுவார்கள். கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்க மட்டும் யாருக்கும் தோன்றாது, யூபிஎஸ் இருக்கிறதே என்று ஒரு தைரியம்.

அந்த வியாழக்கிழமை யூபிஎஸ்ஸும் போனது, சர்வரும் போனது. சர்வர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மேசைக்கடியில், பழைய சாக்கு மடித்துப் போட்ட இடத்துக்குப் பக்கத்தில், பன்னிரண்டு வருடமாக உறுமிக்கொண்டிருந்த ஒரு டப்பா. ஏலக்காய் வாங்கி விற்கும் கடை அது. முதலாளிக்கு அணக்கரைப் பக்கம் தோட்டமும் உண்டு. காய் வரவு, லாட் கணக்கு, பறிக்கிற ஆட்களின் எடைச் சீட்டு, முன்பணம், வாரச் சம்பளம் எல்லாம் அந்த டப்பாவில் ஓடிய மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில்தான் இருந்தன. அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

போனில் முதலாளி சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, டப்பா புகையுது."

நான் இருப்பது கம்பத்தில். வண்டியை எடுத்துக்கொண்டு லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் இறங்கி வரும் ராட்சதக் குழாய்கள் மங்கலாகத் தெரிந்தன. எனக்கு உள்ளுக்குள் பெரிய பதற்றம் இல்லை. பேக்கப் இருக்கிறது. தினமும் இரவு பத்து மணிக்கு டம்ப் எடுத்து, அதாவது டேட்டாபேஸ் முழுவதையும் கட்டளைகளாக ஒரே கோப்பில் எழுதி, வெளி ஹார்ட் டிஸ்கில் போடும்படி நானே எழுதி வைத்திருந்தேன். அந்த டிஸ்க் பிளாஸ்டிக் கவரில் சுற்றி, பீரோவில், பணக்கட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். இவ்வளவு பத்திரமாக பேக்கப் வைத்திருக்கும் கடை இந்த மலையிலேயே கிடையாது என்று ஒரு பெருமைகூட உண்டு.

எடுத்த பேக்கப்பை ஒரு தடவைகூடத் திரும்ப ஏற்றிப் பார்த்ததில்லை என்பது லோயர் கேம்ப் வளைவில் வரும்போதுதான் ஞாபகம் வந்தது.

கடையில் கணக்கு எழுதுகிற பெண் நெடுங்கண்டத்துக்காரி. நான் வருவதற்குள் பில் போடும் கம்ப்யூட்டரில் பிரவுசர் வழியாக டேட்டாபேஸைக் கையாளும் பிஎச்பிமைஅட்மினைத் திறந்து, பேக்கப் கோப்பை அதில் ஏற்றிப் பார்த்திருக்கிறாள். "சேட்டா, இது கேறுன்னில்லல்லோ" என்றாள். எப்படிக் கேறும்? அது ஓடும் பிஎச்பி மொழி தானாக வைத்துக்கொள்ளும் அப்லோடு வரம்பு 2 எம்பி. நேரமும் 30 விநாடிதான் கொடுக்கும். கோப்போ 3 ஜிபி. வரம்பைக் கூட்டலாம்தான், ஆனாலும் பெரிய டம்ப்பைப் பிரவுசர் வழியாக ஏற்றுவது ஜன்னல் வழியாக மூட்டை இறக்குவது போலத்தான். வாசல் இருக்கும்போது எதற்கு ஜன்னல்? கறுப்புத் திரையில் கட்டளை அடிப்பதுதான் வாசல்.

சரி, பழைய டப்பாவில் போர்டு மட்டும் போயிருந்தால் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டியிருக்கலாம். டிஸ்க்கும் சேர்ந்தே போயிருந்தது. பின்னறையில் யாரும் தொடாத ஒரு டெஸ்க்டாப் இருந்தது. 8 ஜிபி ராம், நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் சாதாரண ஹார்ட் டிஸ்க். அதில் உபுண்டு போட்டு, போன் ஹாட்ஸ்பாட்டில் மைஎஸ்க்யூஎல் 8.0 இறக்கி, பீரோவிலிருந்து வந்த டிஸ்கை மாட்டினேன். 3 ஜிபி கோப்பு காப்பியாக ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடலாம் என்று அப்போது நினைத்தேன்.

இம்போர்ட் ஓடும்போது திரையில் ஒன்றும் வராது. ஓடுகிறதா, செத்துவிட்டதா என்றே தெரியாது. அதனால் எப்போதும் பிவி என்ற சின்னக் கருவி வழியாகத்தான் கோப்பை அனுப்புவேன். எவ்வளவு போயிற்று, இன்னும் எவ்வளவு நேரம் என்று ஒரே வரியில் காட்டிக்கொண்டே இருக்கும். ஏழு மணிக்கு ஆரம்பித்தேன். டீ குடித்துவிட்டு, முதலாளி வீட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டு, எட்டு மணிக்கு வந்து பார்த்தால் 2 சதவீதம். மிச்ச நேரம் 47 மணி என்று காட்டியது.

"இம்புட்டு நேரமா?" என்றார் முதலாளி. "சனிக்கிழமை சம்பளம் போடணும்ப்பா. மூணு மணிக்கு மேல ஜீப்பு நிக்காது."

பறிக்க வருகிற பெண்கள் பெரும்பாலும் கீழே இருந்து வருபவர்கள். கம்பம், கூடலூர், கோம்பை என்று விடிகாலையில் ஜீப்பில் மலை ஏறி, சாயங்காலம் ஜீப்பிலேயே இறங்குபவர்கள். சனிக்கிழமை சீட்டுப் பார்த்துச் சம்பளம் வாங்கிக்கொண்டுதான் போவார்கள். ஒருவருக்கு எவ்வளவு எடை, எவ்வளவு முன்பணம் என்பது டேட்டாபேஸில் மட்டுமே இருக்கிறது. வியாழன் இரவு ஏழு மணிக்கு 48 மணி நேரத்தைக் கூட்டினால் சனி இரவு ஏழு மணி.

ஒரு நிமிடத்தில் காப்பியாகிற கோப்பு டேட்டாபேஸில் ஏற எதற்கு இரண்டு நாள்? இந்தக் கேள்விக்கு வலையில் தேடினால் கண்டதையும் சொல்வார்கள். அதையெல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பதற்கு முன்னால் கையில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. நான் அன்று பில் புத்தகத்தின் பின்னட்டையில் போட்டேன்.

7200 சுற்று நிமிடத்துக்கு. அப்படியென்றால் விநாடிக்கு 120 சுற்று. ஹார்ட் டிஸ்க் தட்டில் ஒரு இடத்தில் எழுதிவிட்டு, அதன் தொடர்ச்சியை அடுத்ததாக எழுத வேண்டுமென்றால், அந்த இடம் சுற்றித் திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டும். ஆக, "எழுதிவிட்டேன், சத்தியமாக எழுதிவிட்டேன்" என்று இந்த டிஸ்க் விநாடிக்கு ஏறக்குறைய 120 தடவைதான் சொல்ல முடியும். மைஎஸ்க்யூஎல்லில் டேபிள்களைச் சேமித்து வைக்கும் பகுதியான இன்னோடிபி, ஒவ்வொரு கமிட்டுக்கும், அதாவது இதுவரை செய்ததை உறுதியாக்கு என்ற கட்டளைக்கும், இந்தச் சத்தியத்தை வாங்காமல் விடாது. கமிட் என்று நாம் தனியாகச் சொல்லாவிட்டால் ஒவ்வொரு இன்சர்ட்டும், அதாவது வரியைச் சேர்க்கும் ஒவ்வொரு கட்டளையும், தனிக் கமிட்தான்.

எங்கள் டேட்டாபேஸில் மொத்தம் 1 கோடியே 4 லட்சம் வரிகள். 120-ஆல் வகுத்தால் 86,667 விநாடி. ஒரு நாளுக்கு 86,400 விநாடி. அச்சு அசலாக ஒரு நாள். ஆனால் 8.0-இல் பைனரி லாகும், அதாவது நடந்த மாற்றங்களைக் குறித்து வைக்கும் பதிவேடும், தானாகவே ஓடும். அதுவும் ஒவ்வொரு கமிட்டுக்கும் தனியாக ஒரு சத்தியம் கேட்கும். இரண்டு சத்தியம், இரண்டு நாள். பிவி காட்டிய 48 மணி நேரம் பில் புத்தகப் பின்னட்டையில் வந்து நின்றது.

கணக்குச் சரியாக வந்ததில் ஒரு சந்தோஷம் இருந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் ஒரு வரிக்கு ஒரு இன்சர்ட் என்று எப்படி வந்தது? டம்ப் எடுக்கும் கருவியான மைஎஸ்க்யூஎல்டம்ப் சாதாரணமாக அப்படி எழுதாதே. ஒரு இன்சர்ட்டில் ஆயிரக்கணக்கான வரிகளைச் சேர்த்து நீளமாக எழுதும். அதுதான் அதன் இயல்பு. கோப்பைத் திறந்து பார்த்தேன். வரிக்கு வரி, ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொரு எடைக்கும், தனித்தனி இன்சர்ட். யாரோ ஸ்கிப் எக்ஸ்டெண்டட் இன்சர்ட் என்று ஒரு விருப்பத்தைப் போட்டு டம்ப் எடுத்திருக்கிறார்கள்.

யாரோ இல்லை. நான்தான். பல வருடத்துக்கு முன்னால் ஒரு எடைச் சீட்டுத் தகராறில், பழைய பேக்கப்பில் ஒரு அம்மாவின் பெயரைத் தேட வேண்டியிருந்தது. வரிக்கு ஒன்றாக இருந்தால் தேடச் சுலபம் என்று அந்த விருப்பத்தைச் சேர்த்தேன். தேடினேன், கிடைத்தது. எடுக்க மறந்தேன்.

முதலாளியிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்து, கடைசியில் உள்ளபடியே சொன்னேன். அவர் சிரித்தார். "ஒரு காயை ஒரு ஜீப்புல ஏத்தி அனுப்புன கணக்கால்ல இருக்கு" என்றார்.

கம்ப்யூட்டர் படித்தவன் யாரும் எனக்கு இவ்வளவு சுருக்கமாக விளக்கியதில்லை. ஜீப்பின் வேகம் பிரச்சினை இல்லை, ரோடும் பிரச்சினை இல்லை. சுமையும் மூன்றே ஜிபிதான். ஒரு கோடி நடை என்பதுதான் பிரச்சினை.

இனி என்ன செய்யலாம்? சர்வர் செத்துவிட்டதால் டம்ப்பைத் திரும்ப ஒழுங்காக எடுக்க வழியில்லை. இருக்கிற கோப்பைத்தான் வேகமாக ஏற்ற வேண்டும். முதலில் கோப்பின் தலைப்பகுதியைப் பார்த்தேன். இதை எல்லோரும் ஒரு தடவை பார்க்க வேண்டும். சாய்கோடு, நட்சத்திரம், ஆச்சரியக்குறி, 40014 என்று ஆரம்பிக்கும் சில வரிகள் இருக்கும். பார்த்தால் சும்மா குறிப்பு வரிகள் மாதிரி தெரியும். குறிப்பு இல்லை. அந்த ஆச்சரியக்குறி இருந்தால் மைஎஸ்க்யூஎல் அதைக் கட்டளையாகவே எடுத்துக்கொள்ளும். 40014 என்றால் 4.0.14 பதிப்பிலிருந்து எல்லாவற்றிலும் ஓட்டு என்று பொருள். அந்த வரிகளில்தான் ஒரே மதிப்பு இரண்டு தடவை வருகிறதா என்று பார்க்கும் யூனிக் சோதனையையும், ஒரு டேபிள் சுட்டும் வரி இன்னொன்றில் இருக்கிறதா என்று பார்க்கும் ஃபாரின் கீ சோதனையையும் நிறுத்தச் சொல்லியிருக்கும். "இம்போர்ட் மெதுவாக இருக்கிறதா? இந்த இரண்டையும் நிறுத்துங்கள்" என்று ஆளாளுக்கு அறிவுரை சொல்வார்கள். கோப்பே ஏற்கெனவே நிறுத்தித்தான் வைத்திருக்கிறது. அதே போல டிசேபிள் கீஸ் என்று ஒரு வரியும் இருக்கும். அது பழைய மைஐசாம் வகை டேபிள்களுக்குத்தான் பலன் தரும். இன்னோடிபி அதைக் கண்டுகொள்ளாது.

ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்தினேன். ஆட்டோகமிட்டை அணைக்கும் வரியைக் கோப்புக்கு முன்னால் ஒட்டி, கடைசியில் ஒரு கமிட் வைத்தேன். பைனரி லாகை இந்த ஒரு இணைப்புக்கு மட்டும் நிறுத்த ஒரு வரி. அப்புறம் கான்ஃபிக் கோப்பில் இன்னோடிபி ஃப்ளஷ் லாக் அட் டிஆர்எக்ஸ் கமிட் என்ற நீளப் பெயர் கொண்ட அமைப்பை 1-இலிருந்து 0-க்கு மாற்றினேன். 1 என்றால் கமிட்டுக்குக் கமிட் சத்தியம். 0 என்றால் விநாடிக்கு ஒரு தடவை எழுதினால் போதும். 2 என்று நடுவில் ஒன்று உண்டு. அதில் மைஎஸ்க்யூஎல் மட்டும் விழுந்தால் ஒன்றும் போகாது, மெஷினே விழுந்தால்தான் கடைசி ஒரு விநாடி வேலை போகும். பேக்கப் கோப்பு கையில் இருக்கும்போது போனால் என்ன, திரும்ப ஏற்றிக்கொள்ளலாம்.

பஃபர் பூல் என்று இன்னொன்று. டேட்டாபேஸ் தன் வேலைக்கு ராமில் பிடித்து வைத்துக்கொள்ளும் இடம். தானாக வருவது 128 எம்பி. 8 ஜிபி ராம் உள்ள மெஷினில் 128 எம்பி என்பது பெரிய களத்தில் ஒரு மூலையில் மட்டும் காய் காயப் போடுவது மாதிரி. 5 ஜிபி கொடுத்தேன். மெஷின் விழுந்தால் மீட்பதற்காக மாற்றங்களை முதலில் குறித்து வைக்கும் ரீடூ லாக் என்ற பதிவேட்டின் கொள்ளளவையும் தானாக இருக்கும் 100 எம்பியிலிருந்து கூட்டினேன். அது சின்னதாக இருந்தால் இன்னோடிபி அடிக்கடி மூச்சு வாங்க நின்று, ராமில் இருப்பதை டிஸ்கில் கொட்டிவிட்டு வரும்.

8.0.21-இலிருந்து ரீடூ லாகையே மொத்தமாக அணைத்துவிடவும் ஒரு கட்டளை உண்டு. கை துறுதுறுத்தது. ஆனால் அது அணைந்திருக்கும்போது மெஷின் திடீரென்று நின்றால் அந்த மைஎஸ்க்யூஎல்லே திரும்ப எழாமல் போகலாம். ஐப்பசி மாதம், குமுளி, யூபிஎஸ் செத்துக் கிடக்கிறது. வேண்டாம் என்று விட்டேன்.

விட்டது நல்லதாயிற்று. பத்தே நிமிடத்தில் 12 சதவீதம் போயிருந்தது, எனக்கு வாயெல்லாம் பல். அப்போது கரன்ட் போனது.

திரும்ப வந்தபோது இன்னொரு பாடம் காத்திருந்தது. ஆட்டோகமிட்டை அணைத்துவிட்டதால் ஒரு டேபிளின் எல்லா வரிகளும், நின்றால் மொத்தமாக நிற்கும், விழுந்தால் மொத்தமாக விழும் ஒரே ட்ரான்சாக்‌ஷன். பாதியில் அறுந்தது, ஏறியிருந்த 11 லட்சம் வரிகளும் கமிட் ஆகாதவை. மைஎஸ்க்யூஎல் எழுந்ததும் அந்த 11 லட்சத்தையும் பின்னோக்கி எடுக்க உட்கார்ந்தது. இந்த ரோல்பேக் ஏற்றியதைவிடவும் மெதுவாகப் போகும். அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார நேரமில்லை. மெஷின் புதிது, உள்ளே இழக்க ஒன்றுமில்லை என்பதால் டேட்டா அடைவையே வழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பித்தேன். இந்தத் தடவை வரிகளை வெட்டி ஒட்ட உதவும் ஆக் என்ற கருவியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, 10,000 வரிக்கு ஒரு கமிட் இடையில் செருகினேன். மொத்தமாகவும் வேண்டாம், ஒவ்வொன்றாகவும் வேண்டாம். ஜீப் நிறைந்ததும் கிளம்பு.

அடுத்து ஒரு கேள்வி கேட்டுக்கொண்டேன். அதை ஏழு மணிக்கே கேட்டிருக்க வேண்டும். சனிக்கிழமைச் சம்பளத்துக்கு இந்த ஒரு கோடி வரியும் வேண்டுமா? எந்த டேபிளில் எத்தனை இன்சர்ட் என்று கோப்பை எண்ணிப் பார்த்தேன். 68 லட்சம் வரி ஒரே டேபிளில். யார் எப்போது எந்தத் திரையைத் திறந்தார், எந்த எண்ணை மாற்றினார் என்று குறித்து வைக்கும் லாக். பன்னிரண்டு வருடத்தில் அதை யாரும் திறந்து பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. வரிகளைத் தேடிப் பிரிக்கும் கிரெப் கட்டளையில் அந்த டேபிளின் இன்சர்ட்டுகளை மட்டும் ஒதுக்கினேன். மிச்சம் 36 லட்சம் வரி.

இரவு பதினொன்றரைக்கு ஆரம்பித்தது. கரன்ட் போகவில்லை. 25 நிமிடத்தில் முடிந்தது. டேபிளைத் திறந்து போன சனிக்கிழமைச் சீட்டுகளைப் பார்த்தேன். பெயர்கள் தமிழில் தமிழாக, மலையாளத்தில் மலையாளமாக இருந்தன. இதைச் சொல்லக் காரணம் உண்டு. ஆரம்ப காலத்தில் வேறொரு கடையில் எழுத்துருக் குறியீட்டைக் கவனிக்காமல் ஏற்றி, அத்தனை பேரையும் கேள்விக்குறிகளாக மாற்றிய புண்ணியவான் நான். வேகமாக ஏற்றுவதில் மும்முரமாக இருக்கும்போது இது கண்ணில் படாது. காலையில் சம்பளம் வாங்க வரும்போதுதான் தெரியும், ஐந்து கேள்விக்குறி அம்மாவும் ஏழு கேள்விக்குறி அம்மாவும் யார் யார் என்று. இன்னொன்று, யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். முருகன் என்று ஆங்கில எழுத்தில் எழுதினால் 7 பைட். தமிழில் எழுதினால் உயிர்க்குறியும் புள்ளியும் சேர்த்து 21 பைட். நம் ஊர் டம்ப் பருமனாக இருந்தால் பயப்படத் தேவையில்லை என்பதற்காகச் சொல்கிறேன். பருமன் வேறு, நடை வேறு.

நள்ளிரவில் மலை இறங்க முதலாளி விடவில்லை. கடைத் திண்ணைக்குப் பின்னால் ஏலக்காய் மூட்டைகளுக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தேன். அந்த வாசனையில் தூங்கியவர்களுக்குத் தெரியும், முதல் பத்து நிமிடம் சொர்க்கம், அப்புறம் தலைவலி.

சம்பளம் சனிக்கிழமை இரண்டு மணிக்குள் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை அந்த 68 லட்சம் லாகை எடுத்தேன். அவசரமில்லாததால் ஆற அமரச் செய்ய முடிந்தது. வரிக்கு ஒரு இன்சர்ட் என்பதால் சின்ன ஸ்கிரிப்டில் தலைப்பை வெட்டி, ஆயிரம் வரிகளை ஒரே இன்சர்ட்டாகக் கோத்தேன். முகவரியில் யாராவது என்டர் தட்டியிருந்தாலும் டம்ப் அதைக் குறியாக மாற்றி ஒரே வரியில் வைத்திருக்கும் என்பதால் கோப்பதில் சிக்கல் வரவில்லை. எவ்வளவு வேண்டுமானாலும் கோக்கலாமா என்றால் முடியாது. மேக்ஸ் அலோவ்டு பேக்கெட் என்று ஒரு வரம்பு இருக்கிறது, அதற்கு மேல் ஒரு கட்டளை நீண்டால் இணைப்பை வெட்டிவிடும். 8.0-இல் சர்வர் பக்கம் 64 எம்பி. கம்பம்மெட்டு ரோட்டில் ஜீப்பில் ஆள் ஏற்றுவதற்குப் போலீஸ் இருப்பது மாதிரி.

இந்த டேபிளில் இன்னொரு தொல்லையும் இருந்தது. ஆறு இன்டெக்ஸ், அதாவது தேடச் சுலபமாக வரிசைப்படுத்தி வைக்கும் பட்டியல்கள். பெயருக்கு ஒன்று, தேதிக்கு ஒன்று, சீட்டு எண்ணுக்கு ஒன்று என்று தோன்றியபோதெல்லாம் சேர்த்தது. ஒரு வரி உள்ளே போனால் டேபிளில் ஒரு இடம், ஆறு இன்டெக்ஸிலும் ஆறு இடம். ஒவ்வொரு வரிக்கும் உரிய தனி எண்ணான முதன்மைச் சாவி வரிசையாக ஏறுவதால் அதில் எழுதுவது கடைசிப் பக்கத்தில் எழுதுவது மாதிரி சுலபம். பெயர் இன்டெக்ஸ் அப்படியில்லை. அய்யம்மாள் முன்பக்கம், வள்ளி பின்பக்கம், அடுத்து அன்னக்கொடி மறுபடி முன்பக்கம். ராமில் இடம் இருக்கும்வரை தெரியாது. இன்டெக்ஸ் பஃபர் பூலைவிடப் பெரிதானதும் ஒவ்வொரு வரிக்கும் டிஸ்கில் அங்கும் இங்கும் ஓட வேண்டும். நிறையப் பேர், "முதல் பாதி வேகமாகப் போயிற்று, அப்புறம் படுத்துவிட்டது" என்று சொல்வது இந்த இடத்தைத்தான்.

ஏலக்காய்க் கடையில் இருந்துகொண்டு இதற்கு விடை தேட வேண்டியதில்லை. பறிக்கும்போதே ஒவ்வொரு காயையும் அளந்து தரம் பிரிப்பார்களா? பறித்துக் கொட்டி, உலர்த்தி, காம்பு நீக்கி, எல்லாம் ஒரு குவியலாக வந்தபின் சல்லடையில் போட்டால் பெரிய காய் ஒரு பக்கம், சின்னக் காய் ஒரு பக்கம் வந்துவிடும். டேபிளை முதன்மைச் சாவியோடு மட்டும் உருவாக்கி, வரிகளைக் கொட்டி, கடைசியில் ஆறு இன்டெக்ஸையும் ஒரே கட்டளையில் சேர்த்தேன். அப்போது இன்னோடிபி எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி இன்டெக்ஸை அடுக்காகக் கட்டிவிடும். அங்கும் இங்கும் ஓடாது. ஆறும் சேர்ந்ததும் பார்த்தேன், மூன்று தேவையே இல்லை. தூக்கினேன்.

போடியில் ஒரு நண்பர் போஸ்ட்கிரெஸ் என்ற வேறொரு டேட்டாபேஸ் வைத்திருக்கிறார். அவரிடம் இதைச் சொன்னபோது கொஞ்சம் அலட்சியமாகத்தான் கேட்டுக்கொண்டார். அவர்களுடைய டம்ப் இயல்பிலேயே வரிகளை காப்பி என்ற மொத்தக் கட்டளையில் கொட்டிவிட்டு, இன்டெக்ஸைக் கடைசியில்தான் கட்டும். ஆனால் அவரும் சாதா எஸ்க்யூஎல் கோப்பாக எடுத்து வைத்திருந்தார். அதை ஏற்றும் கருவியான பிஜி ரெஸ்டோரில் பல கை போட்டு ஒரே நேரத்தில் ஏற்ற வேண்டுமானால் கஸ்டம் வடிவத்திலோ டைரக்டரி வடிவத்திலோ எடுத்திருக்க வேண்டும். அலட்சியம் கொஞ்சம் குறைந்தது.

இப்போது கடையில் மைஎஸ்க்யூஎல்டம்ப் இல்லை. அதன் கையேடே பெரிய டேட்டாவுக்கு இது வேகமான வழி இல்லை என்றும், எடுப்பது சுலபமாக இருந்தாலும் திரும்ப ஏற்றுவது மெதுவாகலாம் என்றும் ஒளிக்காமல் சொல்கிறது. படிக்காதது என் தப்பு. மைஎஸ்க்யூஎல் ஷெல் என்ற கருவியில் 8.0.21-இலிருந்து டம்ப் எடுக்கவும் ஏற்றவும் தனி வசதி இருக்கிறது. டேபிளைத் துண்டு துண்டாகச் சுருக்கி எடுத்து, தானாகவே நான்கு இழைகளில் ஒரே நேரத்தில் ஏற்றும். இன்டெக்ஸைக் கடைசியில் கட்டச் சொன்னால் கட்டும். எனக்கு அதில் மிகவும் பிடித்தது வேறு. எதுவரை ஏற்றினோம் என்று ஒரு கோப்பில் குறித்துக்கொண்டே போகும். கரன்ட் போனால், வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். துலாவர்ஷத்தை மனதில் வைத்தே எழுதியிருக்கிறார்கள் போல. மெஷினுக்கு எஸ்எஸ்டியும் மாட்டியாயிற்று. தட்டு சுற்றும் கணக்கே அதில் கிடையாது. எஸ்எஸ்டி முதலிலேயே இருந்திருந்தால் என் தப்பு இன்னும் பல வருடம் வெளியே தெரியாமல் இருந்திருக்கும்.

மாதத்தின் முதல் ஞாயிறு, பின்னறை டெஸ்க்டாப்பில் பேக்கப்பை ஏற்றிப் பார்ப்பது இப்போது கணக்கு எழுதுகிற பெண்ணின் வேலை. ஆன நேரத்தை டிஸ்க் சுற்றிய பிளாஸ்டிக் கவரிலேயே மார்க்கரில் எழுதுகிறாள். 9 நிமிடம், 9 நிமிடம், 10 நிமிடம். ஒரு மாதம் 14 என்று எழுதி, பக்கத்தில் மலையாளத்தில் ஒரு கேள்வியும் எழுதியிருந்தாள். போய்ப் பார்த்தால், லாக் டேபிளில் நான் தூக்கிய மூன்று இன்டெக்ஸையும் சாஃப்ட்வேரின் புது அப்டேட் திரும்பச் சேர்த்திருந்தது.

ஒன்று மிச்சமிருக்கிறது. ஃப்ளஷ் அமைப்பை 0-க்கு மாற்றினேன் என்று சொன்னேன் இல்லையா? அதைத் தற்காலிகமாகக் கட்டளையில் மாற்றியிருந்தால் அடுத்த தடவை மெஷின் எழும்போது தானே 1-க்குத் திரும்பியிருக்கும். நான் கான்ஃபிக் கோப்பில் எழுதியிருந்தேன். இம்போர்ட் முடிந்த குஷியில் திரும்ப மாற்ற மறந்து, பதினொரு நாள் அப்படியே ஓடியிருக்கிறது. யூபிஎஸ் இல்லாமல், ஐப்பசி மழையில். அந்தப் பதினொரு நாளில் எத்தனை தடவை கரன்ட் போனது, எத்தனை எடைச் சீட்டு அந்தக் கடைசி ஒரு விநாடியில் விழுந்தது என்று எண்ண வழியில்லை. பன்னிரண்டாம் நாள் வேறு எதற்கோ அந்தக் கோப்பைத் திறந்தபோது கண்ணில் பட்டது. சத்தமில்லாமல் 1 என்று மாற்றிவிட்டு, சர்வரை ஒரு தடவை நிறுத்தி எழுப்பினேன்.

"என்னப்பா, திடீர்னு நின்னுருச்சு?" என்று முதலாளி முன்கடையிலிருந்து குரல் கொடுத்தார்.

"ஒண்ணுமில்லண்ணே, சும்மா ஒரு அப்டேட்டு" என்றேன். அவர் இதையெல்லாம் படிக்கிற ஆள் இல்லை.